சமீரா என்று கூப்பிட்டால்

ஓய்வுப் படிவத்தில் வயது என்ற கட்டத்தில் முப்பத்தேழு என்று எழுதினேன். படிவத்தை வாங்கிய எழுதுவினைஞர் தப்பாக எழுதிவிட்டேனோ என்று என் முகத்தைப் பார்த்தார். தப்பில்லை. காரணம் என்ற கட்டத்தில் நுரையீரல் என்று இருந்தது.

பதினான்கு வருடம் இரத்தச் சுத்திகரிப்பு இயந்திரங்களோடு வேலை செய்தேன். முதல் இரண்டு வருடம் கொழும்பு, கடைசி ஆறு வருடம் பதுளை. நடுவில் வெளிநாட்டில் இருந்த ஆறு வருடம்தான் நுரையீரலைத் தின்றது. அதைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

நான் விலகும் நாளில் சிகிச்சை நிலையத்தில் கூட வேலை செய்த பிள்ளைகள் கேக் வெட்டி ஒரு சின்ன விருந்து வைத்தார்கள். சாப்பாட்டு அறைத் தொலைக்காட்சியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. நான் வேலை செய்த அந்த நாட்டின் தலைவர் படை அணிவகுப்பில் கையசைத்துக்கொண்டு நின்றார். என் இடத்துக்கு வரப்போகும் தர்ஷினி கேக் தட்டோடு திரும்பினாள்.

“மிஸ், இந்த ஆளு யுத்தத்துல தோத்துட்டாரு. உலகமே கதவ சாத்திருச்சு. சனங்களுக்குத் திங்க இல்ல. அப்புறமும் எப்படி மிஸ் இருக்காரு? நாங்க சமையல் கேஸ் வரிசையில நின்ன கோவத்துலயே ஒரு ஜனாதிபதிய அனுப்பிட்டோமே!”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்கான பதில், கேக் சாப்பிட்டு முடிப்பதற்குள் சொல்லக்கூடியது அல்ல.

நாட்டின் பெயரை எழுதப்போவதில்லை. நான் சொல்லும் ஆட்களில் சிலர் இன்னும் அங்கே இருக்கிறார்கள். பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். அவர்கள் பேசியதை என் தமிழில் எழுதுகிறேன்.

நான் நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. பதுளையில் நீர்ச் சுத்திகரிப்பும் மருத்துவ உபகரணமும் படித்தேன். என்ன பொருளைப் பார்த்தாலும் முதலில் எண்ணுவேன், பிறகு பட்டியல் போடுவேன். அது படிப்பால் வந்ததா, பிறவியிலேயே இருந்ததா என்று தெரியாது. இருபத்தைந்தாவது வயதில் ஒரு விளம்பரம் பார்த்தேன். யுத்தம் முடிந்த ஒரு நாட்டில் ஆஸ்பத்திரிகளுக்குத் தொழில்நுட்ப ஆட்கள் வேண்டும் என்று போட்டிருந்தது. அங்கே முன்பு இருந்த வெளிநாட்டவர்கள் எல்லாம் போய்விட்டார்கள் என்பது விளம்பரத்தில் இல்லை.

விமானம் இறங்க அனுமதி இல்லாததால் பக்கத்து நாட்டில் இறங்கி, பாலைவனத்தைக் கடந்து பஸ்ஸில் போனோம். தலைநகர வாசலில் ஒரு எரிந்த யுத்த டாங்கியைப் பீடத்தில் ஏற்றிப் பொன்வண்ணம் பூசி வைத்திருந்தார்கள்.

“எதிரியுடைய டாங்கியா?” என்று சாரதியைக் கேட்டேன்.

“எங்களுடையது. எரித்தவர்கள்தான் எதிரிகள்” என்றார். “இது வெற்றிச் சின்னம். வருகிற கிழமை வெற்றி நாள். உங்களுக்கு லீவு கிடைக்கும்.”

கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துவிட்டு ரேடியோ சத்தத்தைக் கூட்டினார்.

என் பிரிவின் தலைவரை டாக்டர் நாதிரா என்று வைத்துக்கொள்வோம். ஐம்பது வயதிருக்கும், ஒல்லியான பெண். எந்த விஷயத்தையும் இரண்டு முறை பேசுவார். முதல் முறை சத்தமாக, சுவருக்குக் கேட்கும்படி: “தலைவரின் கருணையால் இயந்திரங்கள் எல்லாம் நன்றாக ஓடுகின்றன அல்லவா?” இரண்டாவது முறை பென்சிலால். பழைய மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில், ‘மூன்றாவது இயந்திரம் இந்த மாதத்தைத் தாண்டுமா?’ என்று எழுதுவார். நான் அதன் கீழே பதில் எழுதுவேன். வாசித்ததும் சீட்டை நான்காக மடித்து, வடிகட்டிகளைக் கழுவும் வெளுப்புத் திரவ வாளிக்குள் போட்டு, ஒரு குச்சியால் கூழாகக் கரையும்வரை கிண்டுவார். ஆறு வருடத்தில் ஒரு சீட்டைக்கூட மேசையில் விட்டு அவர் எழுந்ததில்லை.

இப்போது வடிகட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிறுநீரகம் செயலிழந்தவரின் இரத்தத்தை வெளியே எடுத்து, முடி போன்ற ஆயிரக்கணக்கான குழாய்கள் அடைத்த ஓர் உருளைக்குள் ஓட விட்டு, சுத்தமாக்கித் திருப்பி அனுப்புகிறோம். அந்த உருளைதான் வடிகட்டி. வசதியான இடங்களில் ஒரு தடவை பாவித்ததும் வீசிவிடுவார்கள். வெளிநாடுகள் போட்ட வர்த்தகத் தடையால் எங்களுக்கு ஒரு நோயாளிக்கு மாதம் ஒன்றுதான். வாரம் இரண்டு தடவை அதையே கழுவிக் கழுவிப் பாவிக்க வேண்டும்.

கழுவுவதற்கு ஒரு முறை உண்டு. முதலில் சுத்த நீரை எதிர்த்திசையில் ஓட விட வேண்டும். குழாய்களில் சிவப்பு மறையும்வரை நிறுத்தக்கூடாது. பிறகு வெளுப்புத் திரவம், மறுபடி நீர். அதன் பின் உள்ளே எவ்வளவு நீர் பிடிக்கிறது என்று அளக்க வேண்டும். புதிதில் நூறு மில்லிலீட்டர் பிடித்த வடிகட்டி எண்பதுக்குக் கீழே இறங்கினால், குழாய்களில் பல அடைத்துவிட்டன என்று அர்த்தம், வீசிவிட வேண்டும். எண்பதுக்கு மேலே இருந்தால் ஃபோமலின் என்ற கிருமிக்கொல்லித் திரவம் நிரப்பி, மூடி, நோயாளியின் பெயர் ஒட்டி, ஒரு நாள் முழுக்க வைக்க வேண்டும். பாவிக்கும் முன் ஃபோமலின் ஒரு சொட்டும் மிஞ்சவில்லை என்று சோதிக்க வேண்டும். ஃபோமலின் ஆவியை வெளியே இழுக்க வேண்டிய அந்த அறை விசிறி பழுது. உதிரிப்பாகத்தை ஆயுதத்துக்கும் பாவிக்கலாம் என்று எல்லையில் நிறுத்திவிட்டார்கள். என் நுரையீரல் கதை இவ்வளவுதான்.

இதில் மிகப் பெரிய ஆபத்து, ஒருவருடைய வடிகட்டியை இன்னொருவருக்கு மாட்டிவிடுவது. நான் அங்கே போய்ச் சேர்ந்த மாதத்தில் அது இரண்டு தடவை நடக்கப் பார்த்தது. ஒரே பெயரில் ஐந்து பேர், ஒரே தகப்பன் பெயரில் மூன்று பேர். அதனால் ஒரு பட்டியல் செய்தேன். பெயர், தகப்பன் பெயர், தெரு, அரசாங்க மாவும் சீனியும் வாங்கும் கூப்பன் அட்டை இலக்கம், வரும் கிழமைகள், வடிகட்டி இலக்கம், கடைசி அளவு. கூப்பன் அட்டை இலக்கம் மட்டும்தான் இருவருக்கு ஒன்றாக இருக்காது, அதனால் சேர்த்தேன். காலையில் எல்லோரையும் வரிசையில் உட்கார வைத்துப் பெயர் கூப்பிடுவேன். கை தூக்கி, அட்டை காட்டினால்தான் வடிகட்டி.

பிரிவில் சுத்தம் செய்யும் வேலையில் கொஸ்லந்தையைச் சேர்ந்த ரெஜினா அக்கா இருந்தார். அந்தக் கட்டிடத்தில் எனக்குத் தமிழ் பேசக் கிடைத்த ஒரே ஆள். முதல் நாள் நான் பெயர் கூப்பிடுவதைத் தும்புத்தடியில் சாய்ந்து நின்று பார்த்தார்.

“ஏ புள்ள, பெரட்டுக்களத்தையே கொண்டாந்து இறக்கிட்டியே. ஒரு கங்காணி தொப்பிதான் கொறையுது.”

தோட்டத்தில் விடியக்காலையில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலை பிரிப்பதுதான் பெரட்டு. அவர் கிண்டல் செய்தாலும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அதன் பிறகு ஒரு வடிகட்டியும் மாறவில்லை.

டாக்டர் நாதிரா பட்டியலை நெடுநேரம் பார்த்தார். “அருமை” என்று சத்தமாகச் சொன்னார். பிறகு பென்சிலை எடுத்தார். ‘இதை வேறு யாரும் கேட்காமல் இருக்க வேண்டும்.’

மூன்று மாதத்தில் கேட்டார்கள்.

கூப்பன் அட்டைகளைப் பார்க்கும் வட்டாரக் குழுவிலிருந்து வந்தவர் பெயர் ஜாபர் என்று இருக்கட்டும். நாற்பது வயதிருக்கும், சாந்தமான ஆள். குரலை உயர்த்தவே மாட்டார். அவருடைய தாயாரே எங்கள் மூன்றாம் கட்டிலில் வாரம் இரண்டு தடவை படுப்பவர். வரும்போது தாதிகளுக்குப் பேரீச்சம்பழம் கொண்டு வருவார். “இவ்வளவு ஒழுங்கான பட்டியல் நகரத்திலேயே இல்லை, சகோதரி” என்று சொல்லி ஒரு பிரதி வாங்கிக்கொண்டு போனார்.

அடுத்த மாதம் வடிகட்டிப் பெட்டிகள் வேறு மாதிரி வந்தன. ஒவ்வொன்றிலும் நோயாளியின் பெயர் ஏற்கெனவே ஒட்டியிருந்தது. பெயருக்கு மேலே தலைவரின் படம். படத்துக்குக் கீழே, ‘உங்கள் தந்தையின் அன்பளிப்பு’ என்று அச்சிட்டிருந்தது. மாவும் சீனியும் தேயிலையும் அந்தப் படத்தோடுதான் வரும். ரெஜினா அக்கா ஒருமுறை கூப்பன் தேயிலைப் பொட்டலத்தைத் திறந்து முகர்ந்து பார்த்தார்.

“அடியே, இது நம்ம ஊர்த் தூள்! எங்கம்மா கிள்ளுன கொழுந்த இவரு குடுக்கிறாராம்டி.”

என் பட்டியலில் நாற்பத்தொரு பெயர் இருந்தது. வந்த பெட்டிகள் முப்பத்தெட்டு.

விட்டுப்போன மூவரில் ஒருவர் யூசுப். பஸ் சாரதி, பெரிய மீசை. கட்டிலில் படுத்ததும், “கதவை மூடுங்கள், வண்டி புறப்படுகிறது” என்று சொல்லாமல் ஊசி குத்த விடமாட்டார். அவருடைய மகன் யுத்தத்துக்குப் போய்த் திரும்பவில்லை. செத்தானா, பிடிபட்டானா, ஓடினானா என்று யாருக்கும் தெரியாது. ஓடிவிட்டான் என்று அலுவலகம் முடிவு செய்தது. தோற்றுத் திரும்பிய படையில் காணாமல் போனவர்கள் எல்லோரும் ஒரே நாளில் ஓடியவர்கள் ஆனார்கள். அவர்கள் வீட்டுக் கூப்பன் அட்டைகள் ரத்தாயின. முன்பெல்லாம் அட்டை போனால் மாவு போகும், அவ்வளவுதான். வடிகட்டியும் சேர்ந்து போனது என் பட்டியலுக்குப் பிறகு. அட்டை இலக்கத்தை அதில் சேர்த்தவள் நான்.

யூசுப்பின் பழைய வடிகட்டியை நான் வீசவில்லை. எண்பது வந்தது. எழுபத்தேழு வந்தது. பதினான்காவது கழுவலில் எழுபத்துநான்கு. அவர் கால்கள் வீங்கத் தொடங்கின. படிக்கட்டு ஏற இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்தால் நெஞ்சுக்குள் தண்ணீர் கரகரப்பது கேட்கும். மற்ற இருவரில் ஒருவர் அந்த மாதமே வருவதை நிறுத்திவிட்டார். விசாரிக்க யாருக்கும் துணிவில்லை.

கழுவும் அறையில் உட்கார்ந்து ரெஜினா அக்காவிடம் அழுதேன். “நான்தான்க்கா அந்த நம்பரப் போட்டேன்.”

அவர் தும்புத்தடியைக் கீழே வைக்காமலே பேசினார். “பெரட்டுல பேர் கூப்பிடுறத மட்டும் இங்க கொண்டாந்த. இன்னொண்ண மறந்துட்ட. புள்ளைக்குப் பால் குடுத்துட்டு ஒருத்தி பிந்தி வருவா. கங்காணி பேர் கூப்பிட்டதும் பக்கத்துல நிக்கிறவ என்ன சொல்லுவா?”

“இந்தா வர்றான்னு சொல்லுவா.”

“அவ அப்ப லயத்து வீட்டவிட்டே எறங்கியிருக்க மாட்டா. ஆனா வந்ததா பேர் விழுந்துரும். ஒன் லிஸ்ட்டுல அப்பிடிச் சொல்ல எடமே வைக்கலியே, புள்ள.”

நான் டாக்டர் நாதிராவிடம் போனேன். இந்த முறை பென்சிலை நான் கேட்டு வாங்கினேன். ‘யூசுப்புக்கு அதிகபட்சம் பத்து நாள்’ என்று எழுதினேன். அவர் பதில் எழுத நேரம் எடுத்தார். ‘சமீரா வியாழன் இறந்துவிட்டார். வீட்டில். இன்னும் யாருக்கும் அறிவிக்கவில்லை.’

சமீரா ஒரு தையல்காரி. தனியாக இருந்தவர். அவர் பெயரில் அந்த மாதத்துப் புது வடிகட்டி, படம் ஒட்டியபடி அலுமாரியில் பிரிக்காமல் இருந்தது.

டாக்டர் சத்தமாக, “பட்டியலில் மாற்றம் ஏதும் உண்டா?” என்று கேட்டார்.

“இல்லை, டாக்டர்” என்றேன். என் வாழ்க்கையில் தெரிந்துகொண்டே பிழையாக வைத்த முதல் பட்டியல் அது.

சமீராவின் வடிகட்டியை அவருக்கு மாட்டப்போவதை யூசுப்பிடம் சொன்னபோது மூச்சு வாங்கிக்கொண்டே, “மீசையை எடுக்க வேண்டுமா, மகளே?” என்று கேட்டார்.

“வேண்டாம். சமீரா என்று கூப்பிட்டால் பேசாமல் இருங்கள், போதும்.”

“ஆறாம் வகுப்பிலிருந்து அதுதான் என் பலம்.”

சமீராவுக்குப் பிறகு இன்னும் ஆறு பேர் அப்படிப் பட்டியலில் தங்கினார்கள். இறந்த ஏழு பெயர்களில், மாதத்துக்கு மாதம் அட்டை பறிபோன ஏழு பேர் மூச்சு விட்டார்கள். காலையில் பெயர் கூப்பிடும்போது இந்த ஏழில் ஒன்று வந்தால் வரிசையில் யாராவது ஒருவர், “கை கழுவப் போயிருக்கிறார்”, “மாடி ஏறிக்கொண்டிருக்கிறார்” என்பார். நான் யாரையும் அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. தானாகவே தொடங்கியது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஏழு மணி அணி கட்டில்களில் படுத்து இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தபோது ஜாபர் சொல்லாமல் வந்தார். பேரீச்சம்பழம் கொண்டு வரவில்லை. பின்னால் சீருடையில் ஒருவர் வாசலோடு நின்றார். ஜாபர் தன் பிரதியை எடுத்து, “இன்று நான் கூப்பிடுகிறேன், சகோதரி” என்றார். கூப்பிட்ட பெயருக்கு ஆள் கை தூக்க வேண்டும். பிறகு கட்டில் கட்டிலாக வந்து வடிகட்டிப் பெயரோடு ஒப்பிடுவார். அதுதான் ஏற்பாடு.

யூசுப் ஐந்தாம் கட்டிலில். அவர் தலைக்குப் பக்கத்தில் சமீரா என்ற பெயரும் தலைவரின் படமும் ஒட்டிய வடிகட்டி சிவந்து நின்றது. நடுவில் இரத்தத்தை நிறுத்தி அவரை எழுப்ப முடியாது. போர்வையை மீசை மறைய இழுத்துவிட்டேன். அதற்கு மேல் செய்ய ஒன்றுமில்லை.

முதல் பெயர், இரண்டாம் பெயர், மூன்றாம் பெயர். கைகள் உயர்ந்தன.

“சமீரா.”

இயந்திரங்களின் சத்தம் மட்டும் கேட்டது. நாதிரா டாக்டர் ஒரு குழாயைச் சரிசெய்வதுபோல் குனிந்தார். ஜாபர் மறுபடி கூப்பிட்டார்.

“சமீரா எடை பார்க்கப் போயிருக்கிறாள்.”

பேசியது மூன்றாம் கட்டில், ஜாபரின் தாயார். பெட்டியில் இருக்கும் தலைவரின் படத்தை ஒவ்வொரு தடவையும் முத்தமிட்டுவிட்டுப் படுப்பவர். ‘அவர் இல்லாவிட்டால் நாமெல்லாம் மண்’ என்று வரிசையில் உரக்கச் சொல்பவர். அவர் பக்கத்தில் இருக்கும்போது நாங்கள் யாரும் வாய் திறப்பதில்லை.

“எங்கே போனார், அம்மா?”

“கீழே. எடைத் தராசு கீழேதானே இருக்கிறது. என் கண்ணாடியையும் அவளிடம்தான் கொடுத்தேன், துடைத்து வரச் சொல்லி. நீ அடுத்த பெயரைக் கூப்பிடு. எனக்கு ஊசி வலிக்கிறது.”

கண்ணாடி அவர் மடியில் இருந்தது. கையால் மூடியிருந்தார்.

ஜாபர் தாயாரைப் பார்த்தார். பிறகு ஐந்தாம் கட்டில் வடிகட்டியைப் பார்த்தார். அங்கிருந்து அந்தப் பெயரை வாசிக்க முடியும். தாயார் மகனைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். ஜாபரின் பேனா தாளுக்கு மேலே நின்றது. எவ்வளவு நேரம் என்று நான் எண்ணவில்லை. எல்லாவற்றையும் எண்ணும் நான் அதை மட்டும் எண்ணவில்லை.

ஒரு சரி அடையாளம் போட்டார். மற்றப் பெயர்களையும் கூப்பிட்டு முடித்தார். கட்டில் கட்டிலாக வரவில்லை. சீருடைக்காரரிடம், “எல்லாம் ஒழுங்கு” என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த கிழமை பழையபடி பேரீச்சம்பழம் வந்தது.

போர்வைக்குள்ளிருந்து யூசுப், “கண்டக்டர் இறங்கிவிட்டாரா?” என்று மெல்லக் கேட்டார். ரெஜினா அக்கா ஓடிப்போய்க் கழுவும் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தார். சிரித்தாரா, அழுதாரா என்று எனக்குச் சரியாகத் தெரியாது.

இத்தோடு முடிந்திருந்தால் நல்ல கதை. ஒரு மாதம் கழித்துத் தொலைக்காட்சியில் எங்கள் பிரிவைக் காட்டினார்கள். ‘உலகமே மருந்தை மறித்தும், தந்தையின் பாதுகாப்பில் இந்த ஆஸ்பத்திரியில் இந்த வருடம் ஒரு சிறுநீரக நோயாளியும் இறக்கவில்லை’ என்றார் அறிவிப்பாளர். ஆதாரமாக ஒரு தாளைக் காட்டினார். என் பட்டியல். என் கோடுகள், என் கட்டங்கள்.

டாக்டர் நாதிரா தொலைக்காட்சியை நிறுத்தவில்லை. பென்சிலை எடுத்து ஓர் எண்ணை மட்டும் எழுதினார்: 8.

நான் இல்லை என்று தலையாட்டி, பக்கத்தில் 7 என்று எழுதினேன். செத்தும் எங்களால் உயிரோடு இருப்பவர்கள் ஏழு பேர்தான்.

அவர் பென்சில் நுனியால் 8 என்ற எண்ணைத் தொட்டு, பெட்டியில் இருந்த தலைவரின் படத்தைத் தொட்டார். பிறகு சீட்டை மடித்து வாளிக்குள் போட்டுக் கிண்டினார்.

தர்ஷினி, நீ கேட்டதற்கு என்னிடம் இருப்பது இதுதான். யுத்தத்தில் தோற்றதால் யாரைத் தண்டிக்கலாம் என்று அந்தத் தலைவருக்கு ஒரு பட்டியல் கிடைத்தது. வெளியே கதவைச் சாத்தியதால், உள்ளே மாவும் மருந்தும் கொடுக்கும் கை ஒன்றே ஒன்று என்று ஆனது. அவருக்குக் கிட்ட இருந்தவர்களுக்குத் தடையும் இல்லை, தட்டுப்பாடும் இல்லை. எல்லை லொறிகள் அவர்கள் வீட்டுக்கு வந்துகொண்டுதான் இருந்தன. இவை பேப்பரிலும் வரும். பேப்பரில் வராதது, சனங்களின் நாள் எதில் போனது என்பது. அவரவர் பக்கத்தில் இருப்பவரை அன்றைக்குச் சாகாமல் வைத்திருப்பதிலேயே போனது. நாங்கள் கேஸ் வரிசையில் நின்றபோது வரிசையில் எல்லோரும் ஒன்றாகத் திட்டினோம். அங்கே வரிசையில் ஒவ்வொருவர் பின்னாலும் ஒரு யூசுப் ஒளிந்திருந்தார். அவரை வைத்துக்கொண்டு எப்படிக் கத்துவது? அவர்களைக் கோழைகள் என்று யாராவது சொன்னால், மூன்றாம் கட்டில் தாயாரின் மடியில் கண்ணாடியை மூடியிருந்த அந்தக் கையை நினைத்துக்கொள்கிறேன்.

படிக்கட்டு ஏறினால் எனக்கு மூச்சு வாங்கத் தொடங்கியதும் என்னைத் திருப்பி அனுப்பினார்கள். பட்டியலை எனக்குப் பின் வந்த பெண்ணிடம் கொடுத்தேன். ஏழு பெயர்களைப் பற்றி எதுவும் எழுதி வைக்கவில்லை. கழுவும் அறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு, காதில் சொன்னேன். திருப்பிச் சொல்லச் சொன்னேன். பிழையில்லாமல் சொன்னாள்.

ரெஜினா அக்கா இன்னும் அங்கேதான். மாதம் ஒருமுறை கூப்பிடுவார். போன வருடம் ஒரு நாள் குரல் இறங்கியிருந்தது.

“யூசுப் அண்ணே போயிட்டாருடி. வீட்டுல, தூக்கத்துலயே. ஒரு கஷ்டமும் இல்லியாம். நீ ஊருக்குப் போனப்புறம் அஞ்சு வருசம் ஓட்டிட்டாரு மனுசன்.”

பிறகு கேட்காமல் இருக்க முடியவில்லை. “சமீரா?”

“வர்றாடி. செவ்வா, வெள்ளி. இப்ப ஒரு வாத்தியாரு. பாவம், கூச்ச சுபாவம். மொத நாளு பேரக் கூப்பிட்டதும் அவரே கையத் தூக்கிட்டாரு!” அவர் சிரிப்பு பழையபடி வந்தது. “மூணாம் கட்டில் கெழவிதான் அதட்டி எறக்க வச்சுச்சு.”